சிவக்காத புண்

சரவணா,

போனில் கூப்பிட்டால் "அப்புறம் பேசுறேம்ப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதற்குள் நீ சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிடுவாய் போலிருக்கிறது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் எவ்வளவு தூரம்? நானே பஸ் ஏறி வந்து உன் அறை வாசலில் நின்றிருக்கலாம். நின்றால் டீ வாங்கிக் கொடுப்பாய், பிரஷர் மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாய், என் முகத்தைப் பார்க்காமலே திரும்ப பஸ் ஏற்றி அனுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். காலமெல்லாம் பிள்ளைகளுக்கு வரலாறும் பூகோளமும் நடத்தியவன், சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வருவேன். பொறுத்துக்கொள். முடிவில் உன்னிடம் ஒரு காரியம் சொல்ல வேண்டும். அது கிள்ளையில் இருக்கும் உன் மாமாவின் உயிர் சம்பந்தப்பட்டது. அதைச் சொல்ல வேண்டுமானால் உன் அம்மாவின் சாவிலிருந்துதான் தொடங்க முடியும். நாம் இருவரும் அதைப் பற்றி இதுநாள்வரை ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

நீ ஆராய்ச்சியில் சேர்ந்த பிறகு ஒருநாள் என்னையும் அம்மாவையும் மாமாவையும் உன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனாய். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மருந்தூசி ஒன்றைப் படுக்க வைத்திருந்தார்கள். அதன் முனையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் கொடுத்ததும் அந்தச் சொட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழை பறந்துபோய் எதிரே இருக்கும் அலுமினியத் தாளில் படிகிறது என்றாய். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. வெகுநேரம் கழித்துத் தாளின்மேல் ஒரு வெண்மை மட்டும் படிந்திருந்தது. அதை உரித்துக் காட்டினாய். அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு ஒரு சவ்வு வருமே, அதுபோல இருந்தது. தலைமுடியை நூறாகப் பிளந்தாலும் இந்த இழையின் மெலிவு வராது என்றாய். மாமா வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "இதுக்கா மாப்ள எங்கிட்ட எறா ஓட்டையெல்லாம் மூட்ட மூட்டயா வாங்கின?" என்றான். இறால் ஓட்டிலிருந்து நீ பிரித்தெடுத்த பொருள்தான் அந்தச் சொட்டில் இருந்தது என்று தெரிந்ததும் அவனுக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. "எங்க ஊரு குப்பையில டாக்டர் பட்டம் வாங்குறான் பாருங்க மாமா, எங்க அக்கா மவன்" என்று என் தோளில் தட்டினான். அம்மா அந்தச் சவ்வை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு பொடவ நெய்ய முடியுமாடா?" என்று கேட்டாள். "முந்தானைக்கே பத்து வருஷம் ஆவும்மா" என்றாய் நீ.

அன்று நீ எனக்குச் சொன்னதை என் வழக்கப்படி நான் உதாரணமாக மாற்றி வைத்துக்கொண்டேன். பாகல் கொடி படரப் பந்தல் வேண்டும். புண்ணில் புதுத்தோல் படரவும் பிடிமானம் வேண்டும், அதுதான் உன் இழை. ஆனால் பந்தல் போட்டால் மட்டும் போதாது என்றாய். உடம்பு எதை உள்ளே விடும், எதை எதிரி என்று நினைத்துச் சுவர் எழுப்பும் என்பதுதான் உன் கேள்வி. இழை தடிமனாக இருந்தால் உடம்பின் காவல்காரர்கள் அதைச் சுற்றி வளைத்துக்கொள்கிறார்கள். போதுமான அளவு மெலிந்திருந்தால் சண்டையை விட்டுவிட்டு அவர்களே கட்டட வேலையில் இறங்குகிறார்கள். இதைச் சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. எலிக் கூண்டுகளையும் காட்டினாய். சில எலிகளுக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்து, புண் ஆறாதபடி செய்து, அதன்மேல் உன் சவ்வை வைத்துப் பார்ப்பதாகச் சொன்னாய். நோயிலும் வயதிலும் தளர்ந்துபோன மனிதர்களின் உடம்பைப் போல அந்த எலிகளின் உடம்பு ஆகிவிடுமாம். "கடைசி நாள் எல்லாத்தையும் எடுத்துடுவோம்ப்பா" என்றாய். "எங்கடா எடுத்துட்டுப் போவீங்க?" என்று அம்மா கேட்டாள். கொஞ்சம் கழித்து அவளுக்கே புரிந்துபோய், "அய்ய, பாவம்டா" என்று வெளியே போய் நின்றுகொண்டாள்.

பிறகு 'தானே' புயல் வந்தது. அந்த விடியற்காலையை நான் உனக்கு வர்ணிக்க வேண்டியதில்லை. சிதம்பரத்தில் நீயும் பார்த்தாய். இங்கே கொல்லையில் இருந்த பலாமரம் வேரோடு சாய்ந்து குளியலறைக் கூரையை உடைத்தது. தெருவில் ஒரு மின்கம்பம்கூட நேராக இல்லை. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை இழுத்துப் போடும்போது அம்மாவின் கெண்டைக்காலுக்கு முன்புறம், எலும்பின்மேல் கிழித்துவிட்டது. பெரிய காயம் இல்லை. ஊரே இடிந்து கிடக்கையில் அதை யார் பார்த்தார்கள்? மஞ்சள் வைத்துத் துணி சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். மின்சாரம் திரும்பி வந்த பிறகுதான் புண் அப்படியே இருப்பதைக் கவனித்தோம். ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் தையல் போடும் கட்டம் தாண்டிவிட்டது என்று கட்டுப்போட்டு, சர்க்கரை பார்க்கச் சொன்னார். சர்க்கரை அதிகம். அதற்கு மாத்திரை எழுதினார். "வேற எதுனா மாத்திர சாப்புடுறீங்களாம்மா?" என்று கேட்டார். "இல்ல சார். எனக்கு எந்த மாத்திரையும் பழக்கமில்ல" என்றாள் அம்மா. நான் பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றியிருக்காது.

அவள் பூசத்துக்குப் பூசம் வடலூர் போய் அன்னதானத்துக்குக் காய் நறுக்குவாள், பந்தியில் நின்று பரிமாறுவாள். முட்டி வலி வந்தபிறகு நிற்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலில், "முட்டி வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்று கேட்டால் சின்னக் காகிதக் கவரில் மூன்று மாத்திரைகளை உதிரியாகப் போட்டுத் தருவார்கள். போட்டால் வலி பறந்துவிடும். முதலில் பூசத்துக்கு மட்டும் போட்டாள். பிறகு கல்யாணம், காதுகுத்து என்றால் போட்டாள். பிறகு காபியோடு தினமும் போட்டாள். என் கண்ணெதிரேதான் போட்டாள். அட்டையும் பெயரும் இல்லாமல் காகிதத்தில் மடித்து வருவதை எங்களில் யாரும் மாத்திரை என்று நினைக்கவில்லை. அது "செட்டு". தைலம் தேய்ப்பதுபோல ஒரு கைவைத்தியம். அவள் முகம் நிலா மாதிரி உருண்டு வந்தபோது, தெருவில் "வாத்தியார் ரிட்டையர் ஆனதும் வூட்டம்மா பூரிச்சிப் போயிட்டாங்க" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

புண் ஆறாமல் இழுத்துக்கொண்டு போனபோது மாமா கிள்ளையிலிருந்து வந்தான். நீயும் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தாய். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு உன்னிடம் திரும்பினான்.

"மாப்ள, நீ பண்றதே புண்ணு ஆத்துற துணிதான? அத ஒண்ணு கொண்டாந்து வையி."

"அது இன்னும் மனுஷங்களுக்கு வைக்கல மாமா. எலியிலதான் பாத்திருக்கோம்."

"எலிக்கு வைப்ப. எங்க அக்காவுக்கு வைக்க மாட்டியா?"

"வைக்கக் கூடாது மாமா. அனுமதி வாங்கணும், சுத்தம் பண்ற முறை வேற. எதாவது ஆச்சுன்னா..."

"என் எறா ஓட்டுல பண்ணதுடா அது! எங்க அக்காவுக்கு ஒரு துண்டு கெடையாதா?"

"டேய், வுடுடா அவன" என்றாள் அம்மா. "அவன் படிச்சவன். அவனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிடப் போவுது?"

மாமா சாப்பிடாமல் போய்விட்டான். உன்னிடம் நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன். நீ மறுத்தது சரி. பெற்ற தாய் என்பதற்காக ஒரு சோதனையை அவள் காலில் செய்து பார்க்க உனக்கு உரிமை இல்லை. அந்த விஷயத்தில் உன்மேல் எனக்கு இம்மியளவும் குறை கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்று சேர்த்துக்கொள்.

அடுத்த முறை நீ வந்தபோதுதான் அது நடந்தது. அம்மா உற்சாகமாகக் கட்டைப் பிரித்துக் காட்டினாள். "பாரு, வலியே இல்ல. சூடு இல்ல, செவப்பு இல்ல. எவ்ளோ அமைதியா இருக்கு பாரு." எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. நீ மட்டும் குனிந்து வெகுநேரம் பார்த்தாய். "இது ஏம்ப்பா செவக்கவே இல்ல?" என்றாய். செவக்காமல் இருப்பது நல்லதுதானே என்றேன். அப்போது நீ விளக்கினாய், நான் புயலை வைத்துப் புரிந்துகொண்டேன். புயல் அடித்த மறுநாள் நம் தெருவுக்கு முதலில் வந்தவர்கள் மரம் அறுப்பவர்கள். ஒரே சத்தம், குப்பை, வழி மறிப்பு. அவர்கள் வந்து கிழித்துப் போட்ட பிறகுதான் கம்பம் நடுபவர்கள் வர முடிந்தது. புண்ணிலும் முதலில் வருவது அழுக்கைத் தின்னும் அணுக்கள். அவை வருவதால்தான் சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம். தின்று முடித்தபின் அவையே குணம் மாறிக் கட்டுபவர்களைக் கூப்பிடுகின்றன. உன் அம்மாவின் காலில் சத்தமே இல்லை. அது ஆறிய அமைதியில்லை. புயல் அடித்த தெருவுக்கு ஒருவருமே வரவில்லை என்பதன் அமைதி.

"எங்க எலிங்க புண்ணு இப்படித்தாம்ப்பா இருக்கும்" என்றாய். சொல்லிக்கொண்டே அவள் கையைத் திருப்பிப் பார்த்தாய். தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்து, அங்கங்கே ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. "என்னம்மா மாத்திர போடுற?" என்று கேட்டாய். "ஒண்ணும் போடலியே" என்றாள். "வலிக்கு?" என்றாய். "அட, அது செட்டுடா" என்று சிரித்துக்கொண்டே அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து காகிதக் கவரை எடுத்து வந்தாள். நீ அந்த மூன்றில் சின்னதாக இருந்த வெள்ளை மாத்திரையை விரலில் வைத்துப் பார்த்தாய். உன் முகம் மாறியது. எத்தனை வருஷமா என்று கேட்டாய். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கவரோடு வாங்கிப் போய் வாசல் சாக்கடையில் கொட்டினாய். திரும்பி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்து உன் தலையில் வைத்துக்கொண்டாய். "இனிமே ஒண்ணு கூடத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணும்மா." அவள் பயந்துபோய், "சத்தியமா தொட மாட்டேன்டா, வுடுறா கைய" என்றாள். மறுநாள் உனக்கு எலிகளின் புண்ணை அளக்கும் நாள், தவற விட்டால் எல்லாம் வீண். அடுத்த வாரம் வந்து வேறு டாக்டரிடம் அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாய்.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவளால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலிக்கிறது என்றாள். சோறு இறங்கவில்லை, வாந்தி எடுத்தாள். மாத்திரையை விட்டதால் பழைய வலி திரும்புகிறது, நாலு நாளில் சரியாகும் என்று நினைத்தேன். பார்க்கச் சகிக்காமல், "ஒண்ணே ஒண்ணு வாங்கியாரட்டுமா?" என்று கூடக் கேட்டேன். "என்னாங்க பேசுறீங்க? புள்ள தலையில கை வச்சிருக்கேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்தியம், விரதம் எதையும் அவள் ஒழுங்காகக் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை. சர்க்கரை வந்த பிறகும் ஒளித்து வைத்து அதிரசம் தின்றவள். இந்த ஒன்றை மட்டும் விடவில்லை. சமையலறையில் அவள் சுருண்டு விழுந்தபிறகுதான் ஆட்டோ பிடித்தேன். உனக்குப் போன் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் அன்று ஒரு டாக்டரம்மா இருந்தார். அவர் கேள்விமேல் கேள்வி கேட்டதும், நீ ஓடிவந்து நின்றதும், வராண்டாவில் நடந்த அந்தப் பேச்சும் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. உனக்கும் இருக்கும். "ஸ்டீராய்டு எடுத்துக்கிட்டு இருந்தாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றாய். "எப்ப நிறுத்துனாங்க?" சொன்னாய். "சட்டுனா நிறுத்துனாங்க? யாரு நிறுத்தச் சொன்னது?" நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் மேடம்" என்றாய். அவர் உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். அந்த மருந்தின் சரக்கை நம் உடம்பே தினமும் கொஞ்சம் சுரக்கிறது, சிறுநீரகத்துக்கு மேல் அதற்கென்று ஒரு சுரப்பி இருக்கிறது, வெளியிலிருந்து வருடக்கணக்கில் வந்துகொண்டிருந்தால் அது தூங்கிப்போய்விடும் என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அதை எழுப்ப வேண்டும். ஒரே நாளில் நிறுத்தினால் வெளியிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. ரத்த அழுத்தம் இறங்கிவிடும். புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் வேறு கலந்திருக்கிறது, எதிர்க்க உடம்பில் ஒன்றுமில்லை என்றார். ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள். நடுவில் ஒருமுறை அவளுக்கு நினைவு வந்தது. நீ குனிந்தாய். "ஒண்ணு கூடப் போடலடா. வேணும்னா அப்பாவக் கேளு" என்றாள். அதன்பிறகு அவள் பேசவில்லை.

பிணத்தை வைத்திருந்தபோது மாமா எல்லோர் எதிரிலும் உன் சட்டையைப் பிடித்தான். "எலிக்கு வச்ச. பெத்தவளுக்கு வைக்கலியேடா பாவி!" நீ தலையைக் குனிந்து நின்றாய். நானும் வாயைத் திறக்கவில்லை. நீ செய்யாத குற்றத்தை உன்மேல் போட்டார்கள். நீ அதை வாங்கிக்கொண்டாய், ஏனென்றால் செய்தது அதைவிடக் கனமாக இருந்தது. அந்தப் பொய்யான பழிக்குள்ளே உட்கார்ந்துகொண்டு இத்தனை மாதம் ஆராய்ச்சியை எழுதி முடித்திருக்கிறாய். இப்போது கடல் தாண்டிப் போகப் போகிறாய்.

உறவுக்காரர்கள் என்னிடம் விதி என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உனக்குப் பொய்யான ஆறுதல் சொன்னால் நீ என்னை மதிக்க மாட்டாய். அவள் இறந்ததில் உன் பங்கு இருக்கிறது. பெயரில்லாத மாத்திரையை மடித்துக் கொடுத்த கடைக்காரன் பங்கு இருக்கிறது. தினமும் பார்த்துக்கொண்டிருந்த என் பங்கும் இருக்கிறது. ஆனால் நீ எங்கே தவறினாய் என்று யோசித்து யோசித்து எனக்கு ஒன்று தெளிவானது. பள்ளியில் மாவட்ட வரைபடத்தைக் கொடுத்து நம் ஆறு ஒன்றை வரையச் சொல்வேன். பாதிப் பிள்ளைகள் ஆற்றை மாவட்டக் கோட்டோடு நிறுத்திவிடுவார்கள். கோட்டுக்கு அந்தப்பக்கம் தாள் வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான் காரணம். உன் எலிகளுக்கு மருந்து கொடுத்தீர்கள், புண்ணைப் பார்த்தீர்கள், கடைசி நாளில் கொன்றுவிட்டீர்கள். மருந்தை நிறுத்தியபிறகு உயிரோடு இருந்த எலி ஒன்றுகூட உன் கூண்டில் இல்லை. அந்த மருந்து என்ன செய்யும் என்பது உனக்கு ஊரில் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அது நின்றால் என்ன ஆகும் என்பது உன் வேலையில் ஒருநாளும் வந்ததில்லை. தெரியாதது குற்றமில்லை. கோட்டுக்கு அந்தப்பக்கம் எதுவும் இல்லை என்று நினைத்ததும், அவசரத்தில் அவள் கையை உன் தலையில் வைத்ததும்தான் தவறு. இனி நீ எத்தனை பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாலும், உன் இழை முதல்முதலாக மனிதத் தோலில் ஒட்டும் நாளிலும், உன் அளவைகள் எங்கே முடிகின்றன என்று பார்த்து அந்த இடத்தில் நின்று இன்னொருவரைக் கேள். என்னால் சொல்ல முடிந்த புத்தி இவ்வளவுதான்.

இனி காரியத்துக்கு வருகிறேன். போன வாரம் மாமா வந்திருந்தான். தையில் அவன் பெண்ணுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க வந்தான். உன் பெயரைச் சொல்லவில்லை. கவரின் மேல் என் பெயர் மட்டும் இருந்தது. எதிரே உட்கார்ந்து காபி குடித்தவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகம் உருண்டிருந்தது. காபி டம்ளர் பிடித்த கையில், முழங்கைக்குக் கீழே, ஊதா ஊதாவாகத் தடம்.

"என்னா மச்சான், ஊதிட்ட?" என்றேன்.

"கல்யாண அலைச்சல்ல எளைக்கணும், நான் குண்டாவுறேன் பாருங்க மாமா" என்று சிரித்தான். "முதுகு வலிதான் உயிரெடுக்குது. எறா கூடைய தூக்க முடியல. அக்கா போடுமே, அதே செட்டுதான் போடுறேன். அக்காதான் கடைய காட்டுச்சு. வருஷமாச்சு, நல்லா கேக்குது."

அவன் சட்டைப் பையில் காகிதக் கவர் துருத்திக்கொண்டிருந்தது. சரவணா, என் கை அதைப் பிடுங்கப் போனது. பாதி தூரம் போய்விட்டது. அன்று உன் கை எந்த வேகத்தில் போனது என்பது அப்போதுதான் எனக்கு உடம்பில் புரிந்தது. கையை இழுத்துக்கொண்டேன். வா, ஒரு டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். "வலி மாத்திரைக்கு எவனாவது டாக்டருகிட்ட போவானா மாமா? இது இன்னும் ஜாஸ்தி நாளுக்கு இல்ல. கல்யாணம் முடியட்டும், மறுநாளே ஒட்டுமொத்தமா தூக்கிப் போட்டுர்றேன். எம்பொண்ணே திட்டுறா" என்றான். காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

நான் அந்த டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். எந்தக் காரணம் கொண்டும் தானாக நிறுத்தவிடாதீர்கள், அழைத்து வாருங்கள், மாதக்கணக்கில் மெதுவாகக் குறைத்துக் காப்பாற்றலாம் என்றார். வெறுமனே சொன்னால் அவன் வரமாட்டான். அக்கா எதனால் செத்தாள் என்று சொன்னால் வருவான். சொன்னதும் அவன் கேட்கப்போகும் முதல் கேள்வி உனக்குத் தெரியும். யார் நிறுத்தச் சொன்னது? நான்தான் சாக்கடையில் கொட்டினேன் என்று சொல்லிவிடலாமா என்று நிறையவே யோசித்தேன். அவன் என்னை நம்புவான். ஆனால் ஒரு பழி ஏற்கெனவே தப்பான காரணத்துக்கு உன்மேல் இருக்கிறது. இன்னொன்றைத் தப்பான ஆள்மேல் ஏற்றினால் நீ திரும்பி வர இந்த வீட்டில் உண்மையான இடம் ஒன்றுகூட மிச்சமிருக்காது.

அதனால் உன் அனுமதியைக் கேட்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கிள்ளை பஸ் நிற்கும் இடத்தில் இருப்பேன். முதல் பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டாவதில் ஏறுவேன். நீ வந்தால் நீ சொல்வாய். வராவிட்டால் நான் சொல்வேன். எப்படியும் அன்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

வருவதானால் ஒன்று மனதில் வைத்துக்கொள். கேட்டதும் அவன் உன்னை அடிப்பான். அவன் பெண்ணும் உறவும் பார்க்க அடிப்பான். கையைத் தடுக்காதே. அடித்து ஓய்ந்ததும் அடுத்து அவன் கை சட்டைப் பைக்குத்தான் போகும், அக்காவைக் கொன்றதை வீசியெறிய. அப்போது அந்தக் கையைப் பிடித்துக்கொள். நாளைக் காலைக்கான மாத்திரையை அவன் போட்டே ஆகவேண்டும் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியவன் நீதான்.

உன் அப்பா